சிரிக்காத சி மேஜர்

மருத்துவமனையின் பின்பக்கம், சமையலறையைத் தாண்டினால் சலவைக்கூடம். அங்கே விரிப்பு மடிக்கிறவளுக்குப் போர்வையக்கா என்று பெயர். மேலாளரில் தொடங்கி நேற்றுச் சேர்ந்த நர்ஸ்வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் மடித்ததை யாரும் குறை சொன்னதில்லை. மற்றவர்கள் மடித்ததை அவள் குறை சொல்லாத நாளும் இல்லை. மூலை கொஞ்சம் விலகியிருந்தால் போதும், உதறிப் பிரித்துவிட்டு மறுபடி மடிப்பாள். கறை என்றால் அவளுக்கு ஜென்மப் பகை. ரத்தக் கறைக்கு ஒரு வசவு, மருந்துக் கறைக்கு ஒரு வசவு, டீக் கறைக்கு மட்டும் வாய் வலிக்கும்வரை வசவு.

பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து ஓர் உதறு உதறி, நடந்து வந்து நடுவில் சந்திக்க வேண்டும். ஒருத்தி தன் மூலைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பை எடுக்க வேண்டும். போர்வையக்காவுக்கு எதிரே நிற்பவள் நெட்டை. உயரத்துக்கு வைத்த பெயர். நெட்டை வாய் ஓயாதவள், இவள் திட்டுவதற்குத் தவிர வாய் திறக்காதவள். ஜோடிப் பொருத்தம் என்றால் அதுதான்.

சாயங்காலம் வேலை முடிந்து மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தால் திட்டக்கூட ஆள் கிடையாது. இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, எதிர்க் கட்டடத்தின் மாடிப்படியைப் பார்த்த ஒரு ஜன்னல். அந்தப் படியில் யாராவது ஏறினால் விளக்கு தானாக எரியும், போனதும் அணையும். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். ஒருவர் ஏறினால் ஒரு வாய். யாரும் ஏறாவிட்டால் சாப்பாடு ஆறிப்போகும்.

புருஷன் இருந்தவரை வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. லாரிகளுக்கு டயர் மாற்றுகிற வேலை அவருக்கு. காற்றடிக்கிற இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, வீட்டிலும் அதே சுதியில்தான் பேசுவார். மகன் படித்து முடித்து வேறு ஊரில் ஒரு கம்பெனியில் சேர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை போன் என்றால் அது அப்பாவும் பிள்ளையும் அடிக்கிற கூத்து. இவள் அடுப்படியிலிருந்து, "சாப்பிட்டானான்னு கேளுங்க" என்பாள். அவர், "உங்கம்மா நீ சாப்பிட்டியான்னு கேக்கறா, பொய்யாவது சொல்லுடா" என்பார். இவள் சிரித்துக்கொண்டே பாத்திரம் கழுவுவாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. பிள்ளையிடம் நேராகப் பேச வேண்டிய அவசியமே வந்ததில்லை. அந்தப் பழக்கமும் வரவில்லை.

அவர் போனபிறகுதான் அது எத்தனை பெரிய குறை என்று தெரிந்தது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா. நீ?"

"ஆச்சு. நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்மா."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லம்மா. நீதான் சொல்லணும்."

சொல்ல இவளிடம் என்ன இருக்கிறது? விரிப்பு மடித்தேன் என்றா? வைத்துவிடுவார்கள். மகனின் 'நல்லா இருக்கேன்' இஸ்திரி போட்டு எடுத்தது மாதிரி ஒரு சுருக்கம் இல்லாமல் வரும். சுருக்கமே இல்லாத துணியை அவள் நம்பியதில்லை. உடம்பில் போட்ட துணி என்றால் எங்காவது கசங்கித்தான் இருக்க வேண்டும். ஆனால் பிரித்துப் பார்ப்பது எப்படி என்று தெரியவில்லை. அவன் நிஜமாகவே நன்றாக இருக்கிறானா, இல்லையா? அந்த ஒரு கேள்வி வாரம் முழுக்க அவளைத் தின்றது.

அலமாரிக்கு மேலே, பழைய விரிப்பு ஒன்றில் சுற்றி, மகனின் கீபோர்டு கிடந்தது. பள்ளிக்கூட நாளில் அவன் உயிரை வாங்கி வாங்கவைத்தது. அப்பாவும் அவனும் அதன் முன்னால் உட்கார்ந்து அடித்த லூட்டிக்கு அளவில்லை. இவளுக்கு அந்தப் பக்கம் வேலையே இருந்ததில்லை. ஒரு சாயங்காலம், எதிர்ப் படியில் வெகுநேரம் விளக்கே எரியாமல் இருந்தபோது, நாற்காலி போட்டு ஏறி அதைக் கீழே இறக்கினாள். இதைப்பற்றித் தெரிந்துகொண்டால் பிள்ளையிடம் பேச ஏதாவது இருக்குமே என்று ஒரு நப்பாசை. 

போனில் தேடியதில் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் கிடைத்தான். மனதுக்குள் அவனுக்கு வாத்தியார் தம்பி என்று பெயர் வைத்தாள். முதல் பாடம் கார்ட். தனியாக ஒரு சுரம் என்பது ஓர் ஆள் நிற்பது மாதிரி, மூன்று சுரம் சேர்ந்து ஒலித்தால்தான் அது குடும்பம், அதற்குத்தான் கார்ட் என்று பெயர் என்றான் தம்பி. கட்டை விரலை 'சி' என்கிற வெள்ளைக் கட்டையில் வை. ஒன்று விட்டு அடுத்த வெள்ளையில் நடுவிரல். இன்னொன்று விட்டுச் சுண்டுவிரல். மூன்றையும் சேர்த்து அழுத்து. இதுதான் சி மேஜர். அழுத்திக் காட்டினான். போனின் சின்ன வாயிலிருந்துகூட அது பளிச்சென்று சிரித்தது. இப்போது நடுவிரலை மட்டும் பக்கத்தில் இடதுபுறம் இருக்கிற கறுப்புக் கட்டைக்கு நகர்த்து. சி மைனர். அதே இரண்டு ஓரச் சுரம்தான். ஆனால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாத மாதிரி ஆகிவிட்டது.

"ஒண்ணு சிரிக்கும், ஒண்ணு அழும். அவ்வளவுதாங்க வித்தியாசம். ரெண்டும் காதுக்குப் புரியறவரைக்கும் அடுத்த பாடத்துக்குப் போகாதீங்க" என்றான்.

அடுத்த பாடத்துக்குப் போகாதே என்று போர்வையக்காவிடம் சொல்லவே வேண்டாம். ஒரு விரிப்பை மடித்து அடுக்காமல் அடுத்ததைத் தொடாதவள் அவள். சிவப்பு பால்பேனாவால் கட்டைகளுக்கு நேரே புள்ளி வைத்துக்கொண்டாள். மூன்று விரலையும் வைத்து அழுத்தினாள். ஏதோ சத்தம் வந்தது. நடுவிரலை நகர்த்தி அழுத்தினாள். அதே சத்தம் வந்தது.

திரும்ப அழுத்தினாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இரண்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்றன. 

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. தம்பி அழுத்தினால் பேசுகிறது, இவள் அழுத்தினால் ஊமை. விரல் தப்பா என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். கட்டை சரி, விரல் சரி. வேறொரு வீடியோவில் தம்பி, "வெறும் கையால வாசிக்காதீங்க, மனசையும் வெச்சு வாசிங்க" என்று ஒரு போடு போட்டான். சொல்கிறவனுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டான். இவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

மேஜருக்கு ஒரு சந்தோஷம் தேடினாள். மகன் முதல்முறையாகச் சைக்கிளில் விழாமல் தெருமுனைவரை போய்த் திரும்பியது. அவன் முகத்தை நன்றாக நினைத்துக்கொண்டு அழுத்தினாள். ஒன்றுமில்லை. மைனருக்கு ஒரு துக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. மருத்துவமனையின் நாலாவது மாடி வார்டு. அவள் கையால் மடித்த விரிப்பு, அதன் மேலேயே அவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். அதே சத்தம். மயிரிழை வித்தியாசம் கிடையாது.

அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் வந்தது. அவர் போனபோதும் அவள் ஊர் பார்க்க அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று உறவுக்காரி ஒருத்தி காதுபடச் சொன்னாள். அவள் சொன்னது நிஜம்தானோ? எனக்குள் சிரிக்கிற இடமும் அழுகிற இடமும் செத்துப்போய்விட்டதோ? அதனால்தான் பிள்ளையும் ரெண்டு வார்த்தையோடு போனை வைத்துவிடுகிறானோ? கீபோர்டை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். எதிர்ப் படியில் விளக்கு எரிந்து அணைந்தது. சாப்பிடத் தோன்றவில்லை.

அடுத்த நாள், விரிப்பின் மூலைகளைக் கொடுக்கும்போது நெட்டையிடம் கேட்டாள்.

"ஏ நெட்ட, சந்தோஷம் துக்கமெல்லாம் எனக்கு இருக்கற மாதிரி தெரியுதா உனக்கு?"

நெட்டை பிடித்திருந்த மூலையைக் கோட்டைவிட்டாள். இத்தனை வருஷத்தில் அக்கா வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது.

"என்னக்கா திடீர்னு?"

"சும்மா சொல்லு."

"கோவம் இருக்குக்கா. அதுல ஒரு கொறையும் இல்ல. மத்ததெல்லாம்..." நெட்டை கொஞ்சம் யோசித்தாள். "இருக்கும்க்கா. எங்கயாவது மடிச்சு வெச்சிருப்பீங்க. நீங்க மடிச்சா யாரு கண்டுபிடிக்கறது?"

போர்வையக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த விரிப்பை இரண்டாம்முறை பிரித்து மடிக்காமல் அப்படியே அடுக்கினாள். நெட்டை பேயறைந்த மாதிரி நின்றாள்.

விஷயம் வெளியே வந்தது ஒரு துடைப்பில். விடுமுறைநாள் காலை. ஈரத்துணியை இறுகப் பிழிந்து, இடது கோடியிலிருந்து கீபோர்டைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அதை அணைக்க மறந்திருந்தாள். துணி போகப் போகச் சுரங்கள் வரிசையாகப் படியேறின. நடுவில் வந்ததும் ஒரு படி இல்லை. கால் வைத்தால் காற்று. அதைத் தாண்டி மறுபடி ஏறின.

துணியைப் பின்னால் இழுத்தாள். மறுபடி அதே இடத்தில் பள்ளம். இப்போது துணியைக் கீழே வைத்துவிட்டு ஒற்றை விரலால் குத்திக் குத்திப் பார்த்தாள். நடுவிரல் வைக்கிற வெள்ளைக் கட்டை, பேச்சு மூச்சு இல்லை. அதன் இடது பக்கத்துக் கறுப்புக் கட்டை, அதுவும் பிணம். மேஜருக்கும் மைனருக்கும் வித்தியாசம் சொல்ல வேண்டிய இரண்டே இரண்டு பேர், இரண்டு பேரும் சொல்லிவைத்த மாதிரி போய்ச்சேர்ந்திருந்தார்கள். மூன்றையும் சேர்த்தே அழுத்திக்கொண்டிருந்தவளுக்கு அது தெரியவில்லை. இத்தனை நாளும் அவள் வாசித்தது ஓரத்து இரண்டு பேரை மட்டும்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அட நாசமாப்போன டப்பா! உன்ன நம்பி என்னையில்ல சந்தேகப்பட்டேன்!" என்று வாய்விட்டே திட்டினாள். பிறகு கையை அப்படியே வலது பக்கம் நகர்த்தினாள். அங்கேயும் அதே வரிசையில் அதே கட்டைகள் இருந்தன. மூன்று விரல் வைத்து அழுத்தினாள்.

சிரித்தது. வீடு முழுக்கச் சிரித்தது.

நடுவிரலை மட்டும் கறுப்புக்கு நகர்த்தினாள். அது அழுதது. அவளும் அழுதாள். அவர் போனதற்கு, அன்றைக்கு அழாததற்கு, இத்தனை சாயங்காலம் தனியாகச் சாப்பிட்டதற்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதாள். அழுகை வருகிறதே என்று நடுவில் ஒரு நிம்மதியும் வந்தது.

முகம் கழுவிக்கொண்டு வந்து, பழைய இடத்திலேயே ஓரத்து இரண்டையும் மட்டும் அழுத்திக் கேட்டாள். இப்போது புரிந்தது. ஓரத்துச் சுரங்கள் வீட்டுச் சுவர் மாதிரி. உள்ளே சிரிப்பா அழுகையா என்று சுவர் சொல்லாது. நடுவில் இருக்கிறவர் வாயைத் திறந்தால்தான் உண்டு. எங்கள் வீட்டில் அந்த நடு ஆள் அவர்தான் என்று நினைத்தாள். நானும் பிள்ளையும் ஓரத்துக் கட்டைகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒலிக்கிறோம், ஆனால் யார் எப்படி இருக்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

அவர் இருந்திருந்தால் எப்படிக் கேட்டிருப்பார்? ஏதாவது கோமாளித்தனம் பண்ணித்தான் கேட்டிருப்பார். சரி, நாமும் பண்ணுவோம் என்று முடிவெடுத்தாள். போனில் ஒரு மேஜர் வாசித்து, ஒரு மைனர் வாசித்து, "இதுல இன்னைக்கு நீ எதுடா?" என்று கேட்பது. வாரம் முழுக்க அந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நெட்டை முன்னால்கூட முணுமுணுத்தாள். நெட்டை கேட்டும் கேட்காத மாதிரி மூலையைக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனை ஒலிபெருக்கியில் போட்டு, கீபோர்டு பக்கத்தில் டம்ளரில் சாய்த்து வைத்தாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா. நீ?"

"ஆச்சு. நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்மா."

அதே இஸ்திரி. "ஒண்ணு கேளு. சிரிக்கக் கூடாது" என்றாள். மகன் பதில் சொல்வதற்குள் அழுத்திவிட்டாள். பதற்றத்தில் கை பழகிய இடத்துக்கே போய்விட்டது. அந்தச் செத்த இடத்துக்கு. வந்தது வெறும் ஓரம் இரண்டும்தான். எல்லாம் பாழ் என்று கையை எடுக்கப் போனாள்.

"அம்மா! அது நம்ம கீபோர்டா?"

"ஆமா."

"நீயா வாசிக்கற?"

"பின்ன? வீட்ல வேற யாரு இருக்கா?"

சொன்னபிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது.

"அதுல நடுவுல ரெண்டு கட்ட செத்துப்போச்சேம்மா."

"உனக்கெப்படித் தெரியும்?"

மகன் சிரித்தான். இந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! "அப்பா டீயக் கொட்டிட்டாரும்மா. நீ வேலைக்குப் போயிருந்த. ஒரு துண்ட எடுத்துத் துடைச்சோம். 'உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் சோடா உப்புல ஊறவெச்சிடுவா, மூச்சு விடாத'ன்னாரு."

"பச்சத் துண்டா?"

"ஆமா."

"அடப்பாவிகளா! அதக் காணோம்னு நான் வீட்டையே தலகீழாப் புரட்டினேனே!"

"அப்பாவும் கூடச் சேர்ந்து தேடினாரு, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. கட்டிலுக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினார் அந்த மனுஷன். இவளுக்குச் சிரிப்பு வந்தது. தன்னை விட்டுவிட்டு இரண்டு பேருமாக ஒளித்து வைத்த விஷயத்துக்குள் இன்றைக்குத்தான் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது.

"அப்புறம் அதுல எப்படிடா வாசிச்ச?"

"அந்த ஒரு சுரத்த மட்டும் வாயால போட்டுக்குவேன்."

அதுவும் ஞாபகம் வந்தது. வாசிக்கும்போதெல்லாம் நடுநடுவே ம்ம் என்று ஒரு சத்தம் கொடுப்பான். வாசிக்கறப்ப என்னடா முனகல் என்று இவள் அடுப்படியிலிருந்து அதட்டுவாள்.

"இப்பப் போடு" என்றாள்.

"எதம்மா? மேஜரா, மைனரா?"

பிள்ளையிடம் கேட்க நினைத்ததை அவனே அவளிடம் கேட்டுவிட்டான். "உனக்கு எது வருதோ அது" என்றாள். கட்டை விரலையும் சுண்டுவிரலையும் வைத்து அழுத்திப் பிடித்தாள். இரண்டு சுரமும் அறையில் நின்றன.

போன் என்பதால் குரல் கொஞ்சம் தாமதமாக வந்தது. முதலில் சிரிக்கிற கட்டைக்குத்தான் போனது. சரியாக அதைத் தொட்டது. ஆனால் அங்கே நிற்க முடியவில்லை. லேசாக ஆடியது, ஆடி, பக்கத்தில் இருக்கிற கறுப்புக் கட்டைக்கு இறங்கியது. இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. அவனுக்கு அது தெரிந்த மாதிரி இல்லை. வாயில் வந்ததைப் போட்டுக்கொண்டிருந்தான்.

போன வருஷம் என்றால் இவளுக்கும் தெரிந்திருக்காது. நன்றாகத்தான் பாடுகிறான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருப்பாள். இப்போது அவள் காது அதை விடவில்லை.

"என்னப்பா ஆச்சு?"

"என்னம்மா? ஒண்ணுமில்லையே."

"நீ போட்டது மைனர்டா."

"சும்மா... அதுவா வந்துடுச்சும்மா."

"அதத்தான் கேக்கறேன்."

இவள் அவசரப்படுத்தவில்லை. வேற என்று கேட்கவில்லை. விரல்களை எடுக்காமல் அழுத்தியபடியே இருந்தாள். நடுவில் ஆளில்லாத அந்த இரண்டு சுரமும் விட்டுப்போகாமல் ஒலித்தபடி இருந்தன. போனில் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா, வேலை போயி ரொம்ப நாளாச்சும்மா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் வீட்டுக்கு வந்துடட்டுமா?"

"வா" என்றாள்.

அவன் அழுது முடிக்கிறவரை கட்டைகளிலிருந்து அவள் விரலை எடுக்கவில்லை.